931... பிளஸ் 2 மாணவர்களை விடாத எண்: அணுவின் எடையிலிருந்து ஆற்றலைக் கணக்கிடுவது எப்படி?

பிளஸ் 2-வில் இயற்பியல் படித்த யாரைக் கேட்டாலும் ஒரு எண் ஞாபகம் இருக்கும். 931. அணுக்கரு இயற்பியல் பாடத்தில் எந்தக் கணக்கு வந்தாலும் கடைசி வரியில் இந்த எண்ணால் பெருக்குவோம், விடை வந்துவிடும், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனா எதுக்கு 931-ஆல் பெருக்குறோம்? அந்த எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அதை யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் கதை கொஞ்சம் பெருசு. கூடங்குளத்தில் மின்சாரம் வருவது, ஹிரோஷிமாவில் ஒரு நகரம் அழிந்தது, ஆஸ்பத்திரியில் பெட் ஸ்கேன் எடுப்பது என எல்லாமே இந்த ஒரு பெருக்கலுக்குள் இருக்கிறது.

அணு நிறை அலகு என்றால் என்ன?

அரிசியை கிலோவில் நிறுக்கலாம், தங்கத்தை கிராமில் நிறுக்கலாம். ஒரு அணுவை எதில் நிறுப்பது? கிலோவில் சொன்னால் புள்ளிக்குப் பிறகு 26 பூஜ்யம் போட வேண்டியிருக்கும். அதனால் விஞ்ஞானிகள் தங்களுக்கென ஒரு குட்டி படிக்கல் செய்துகொண்டார்கள். கார்பன்-12 அணு ஒன்றை எடுத்து, அதன் நிறையை 12 பங்காகப் போட்டால் வரும் ஒரு பங்குதான் ஒரு அணு நிறை அலகு. கார்பனுக்குள் 6 புரோட்டானும் 6 நியூட்ரானும் இருப்பதால், ஒரு அலகு என்பது தோராயமாக ஒரு புரோட்டானின் எடை. கிலோவில் சொன்னால் 1.66054-ஐ, 10-இன் அடுக்கு மைனஸ் 27-ஆல் பெருக்கினால் வருவது.

"தோராயமாக" என்ற வார்த்தையை மட்டும் கவனத்தில் வையுங்கள். மொத்த விஷயமும் அங்கேதான் ஒளிஞ்சிருக்கு.

சரி, 931 எப்படி வந்தது?

ஐன்ஸ்டைன் 1905-ல் சொன்னது: நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், அந்த நிறைக்குச் சமமான ஆற்றல் கிடைக்கும். ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். ஏற்கெனவே பெரிய எண், அதை அதனாலேயே இன்னொரு முறை பெருக்க வேண்டும்.

ஒரு அணு நிறை அலகை இந்தச் சமன்பாட்டில் போட்டால் 1.4924 பெருக்கல் 10-இன் அடுக்கு மைனஸ் 10 ஜூல் வருகிறது. சின்னஞ்சிறு எண். ஜூல் என்பது நம்ம உலகத்து அளவு, அணுவுக்கு அது பொருந்தாது. அணுவின் ஊரில் எலக்ட்ரான் வோல்ட்தான் நாணயம். ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைத் தாண்டும்போது பெறும் ஆற்றல் அது. பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் சேர்ந்தால் ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக எம்இவி. ஒரு எம்இவி என்பது 1.60218 பெருக்கல் 10-இன் அடுக்கு மைனஸ் 13 ஜூல்.

இப்போ முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்துப் பாருங்க. 931.49 வரும். அவ்வளவுதான். ரூபாயை டாலரா மாத்துற மாதிரி, நிறையை ஆற்றலாக மாற்றும் விகிதம் இது. ஒரே வித்தியாசம், இந்த விகிதம் தினமும் ஏறி இறங்காது.

ஹீலியத்தை நிறுத்துப் பார்க்கலாமா?

ஹீலியம் அணுக்கருவில் 2 புரோட்டான், 2 நியூட்ரான். புரோட்டானின் நிறை 1.007276 அலகு. நியூட்ரானின் நிறை 1.008665 அலகு. நான்கையும் தனித்தனியாக நிறுத்துக் கூட்டினால் 4.031882 வருகிறது. ஆனால் சேர்ந்து நிற்கும் ஹீலியம் அணுக்கருவை நிறுத்தால் 4.001506தான் இருக்கு. எங்கேயோ 0.030376 அலகு குறையுது.

நாலு செங்கல்லைத் தனித்தனியாக நிறுத்துவிட்டு, அதே நாலையும் சாந்து வைத்து ஒட்டினால் எடை கூட வேண்டும். இங்கே குறைகிறது. இதைத்தான் நிறை குறைபாடு என்கிறார்கள். அந்தக் குறைந்த நிறையை 931.494-ஆல் பெருக்கினால் சுமார் 28.3 எம்இவி. நான்கு துகள்களும் ஒன்று சேரும்போது வெளியேறிய ஆற்றல் அது. திரும்ப அந்த அணுக்கருவை உடைத்து நான்கையும் பிரிக்க வேண்டுமென்றால், அதே 28.3 எம்இவி-யை நாம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அதனால் இதற்குப் பிணைப்பு ஆற்றல் என்றும் பெயர்.

இங்கே மாணவர்கள் வழுக்கி விழும் ஒரு இடம் இருக்கு. அட்டவணையில் ஹீலியத்தின் நிறை 4.002603 என்று போட்டிருப்பார்கள். அது முழு அணுவின் நிறை, அதாவது இரண்டு எலக்ட்ரானும் சேர்த்து. புரோட்டான் நிறையைத் தனியாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து முழு அணுவின் நிறையைக் கழித்தால் விடை 27.3 எம்இவி என்று வரும். தப்பு. காணாமல் போன அந்த 1 எம்இவி வேற எதுவும் இல்லை, இரண்டு எலக்ட்ரான்களின் நிறைதான். வழி சுலபம்: ஒரு பக்கம் அணு என்றால் மறுபக்கமும் அணு. புரோட்டானுக்குப் பதிலாக ஹைட்ரஜன் அணுவின் நிறையான 1.007825-ஐ எடுத்தால், எலக்ட்ரான்கள் தானாகக் கழிந்துபோகும். நீட் மாதிரி தேர்வில் இந்த ஒரு எம்இவி வித்தியாசம் ஆப்ஷன்களிலேயே பொறியாக உட்கார்ந்திருக்கலாம்.

பனியில் போட்ட கணக்கு

இந்தக் கணக்கு வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை என்று உலகத்துக்குக் காட்டியவர் லீசே மைட்னர். வியன்னாவில் 1878-ல் பிறந்தவர். 1907-ல் பெர்லினுக்குப் போய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே ஆய்வு செய்தவர். யூதப் பின்னணி கொண்டவர். ஆஸ்திரியக் குடியுரிமை இருந்ததால் ஹிட்லர் ஆட்சியிலும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியதும் அந்தப் பாதுகாப்பும் போனது. அதே ஆண்டு ஜூலையில் நெதர்லாந்து எல்லை வழியாகத் தப்பினார். கையில் பணம் என்று இருந்தது 10 மார்க். எல்லையில் யாருக்காவது லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தால் உதவட்டும் என்று, சக ஆய்வாளர் ஓட்டோ ஹான் தன் அம்மாவின் வைர மோதிரத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அப்போது மைட்னருக்கு வயது 59.

அங்கிருந்து சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த டிசம்பரில் ஹானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் பெர்லினில் யுரேனியத்தின் மீது நியூட்ரானைச் செலுத்தியபோது பேரியம் கிடைக்கிறது, இது எப்படி சாத்தியம் என்று கேட்டிருந்தார். யுரேனியத்தின் அணு எண் 92. பேரியம் 56. அணுக்கருவிலிருந்து ஓரிரு துகள் தெறிக்கும் என்றுதான் அன்றுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். சுவரில் கல் எறிந்தால் காரை பெயரலாம், வீடே இரண்டாகப் பிளக்குமா?

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு குங்கெல்வ் என்ற சுவீடன் ஊரில் தங்கியிருந்தார் மைட்னர். அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷ்ஷும் இயற்பியலாளர், சித்தியைப் பார்க்க வந்திருந்தார். இருவரும் பனியில் நடக்கப் போனார்கள். ஃபிரிஷ் காலில் பனிச்சறுக்குக் கட்டை, மைட்னர் வெறும் நடை. வழியில் கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து, துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்கினார்கள்.

யுரேனியம் அணுக்கரு ஒரு தண்ணீர்த் துளி மாதிரி நடுவில் இடுங்கி இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும்? இரண்டு துண்டுகளிலும் நேர் மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று வேகமாகத் தள்ளும். அந்தத் தள்ளுதலின் ஆற்றல் சுமார் 200 எம்இவி என்று வந்தது. கேள்வி இதுதான்: அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வரும்? கடையில் கணக்கு எழுதுற மாதிரி, வரவு இல்லாமல் செலவு எழுத முடியாதே.

மைட்னருக்கு அணுக்கருக்களின் நிறையைக் கணக்கிடும் முறை மனப்பாடம். பிரிந்த இரண்டு துண்டுகளின் மொத்த எடை, மூல யுரேனியத்தை விட ஒரு புரோட்டானின் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும் என்று அங்கேயே கண்டுபிடித்தார். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 0.2 அலகு. அதை 931-ஆல் பெருக்கினால்? 186. தோராயக் கணக்குக்கு 200-ஓடு அழகாகப் பொருந்திவிட்டது. 1909-ல் சால்ஸ்பர்க் நகரில் ஐன்ஸ்டைன் பேசியபோது கூட்டத்தில் உட்கார்ந்து நிறையும் ஆற்றலும் ஒன்று என்பதைக் கேட்டவர் மைட்னர். 29 ஆண்டு கழித்து அது பனிக்காட்டில் கைகொடுத்தது.

செல் பிரிவதற்கு உயிரியலில் சொல்லும் வார்த்தையைக் கடன் வாங்கி, இதற்குப் "பிளவு" என்று ஃபிரிஷ் பெயர் வைத்தார். இருவரின் கட்டுரை 1939 பிப்ரவரி 11 அன்று நேச்சர் இதழில் வெளியானது. ஆனால் 1944-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. பரிசோதனையைச் செய்தவருக்குப் பரிசு, அது என்ன என்று சொன்னவருக்கு இல்லை. நோபல் வரலாற்றில் இன்றும் ஆறாத புண்களில் இது ஒன்று. பிற்பாடு 109-ம் தனிமத்துக்கு மைட்னேரியம் என்று பெயர் வைத்தார்கள். அணுகுண்டுத் திட்டத்தில் சேர அழைப்பு வந்தபோது மைட்னர் மறுத்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அதே கணக்கை இன்றைய எண்களில் போட்டால்?

யுரேனியம்-235 அணு ஒரு நியூட்ரானை விழுங்கி, பேரியம்-141, கிரிப்டான்-92, மூன்று நியூட்ரான்கள் என்று பிரிவதாக வைத்துக்கொள்வோம். பல விதங்களில் பிளக்கும், இது அதில் ஒன்று.

முன்னால் இருந்தது: 235.0439 கூட்டல் 1.0087, ஆக 236.0526 அலகு. பின்னால் வந்தது: பேரியம் 140.9144, கிரிப்டான் 91.9262, மூன்று நியூட்ரான்கள் 3.0260. மொத்தம் 235.8666. வித்தியாசம் 0.1860 அலகு. 931.494-ஆல் பெருக்கினால் 173.3 எம்இவி.

அப்போ 200 எங்கே? பேரியமும் கிரிப்டானும் அதோடு நிற்பதில்லை. பீட்டா சிதைவு மூலம் படிப்படியாக மாறி, கடைசியில் பிரசியோடைமியம்-141, சிர்கோனியம்-92 என்று ஆன பிறகுதான் அமைதியாகும். அந்தப் பயணத்தில் இன்னும் 26 எம்இவி வெளியே வருகிறது. இரண்டையும் கூட்டிப் பாருங்க, 199. இதில் கொஞ்சத்தை நியூட்ரினோக்கள் யாருக்கும் பிடிபடாமல் கொண்டு போய்விடும் என்பது வேறு விஷயம்.

உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளுக்குள் சூடு உருவாகிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இந்தப் பின்வரவுதான். 2011-ல் ஃபுகுஷிமாவில் உலைகள் நிலநடுக்கம் வந்தவுடனேயே நின்றுவிட்டன. சுனாமி வந்து குளிர்விக்கும் ஏற்பாடு போன பிறகு எரிபொருளை உருக வைத்தது, சிதைவிலிருந்து வந்த இந்த வெப்பம்.

உண்மையில் காணாமல் போனது எது?

"பொருள் அழிந்து ஆற்றலாக மாறுகிறது" என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பிளவைப் பொறுத்தவரை சரியில்லை. மேலே உள்ள கணக்கில் துகள்களை எண்ணிப் பாருங்க. முன்னால் 236. பின்னால் 141, 92, 3 என்று கூட்டினால் அதே 236. ஒரு புரோட்டான்கூட, ஒரு நியூட்ரான்கூட அழியவில்லை. அவை இன்னும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். இறுகக் கட்டும்போது ஆற்றல் வெளியேறுகிறது. வெளியேறிய ஆற்றலுக்கும் எடை உண்டு என்பதால் மிச்சமிருப்பது லேசாகிறது.

இன்னும் ஆச்சரியம், இது அணுவுக்கு மட்டுமான சட்டமே இல்லை. அடுப்பில் விறகு எரிந்தாலும் இதே கதை. ஒரு டன் சுத்தமான கார்பனை எரித்தால் வரும் வெப்பத்துக்குச் சமமான நிறை சுமார் 0.36 மில்லிகிராம். அதை எந்தத் தராசிலும் பிடிக்க முடியாது. அதனால்தான் வேதியியல் வகுப்பில் நிறை மாறாது என்று தைரியமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கூடங்குளத்தில் எவ்வளவு எடை குறையுது?

கூடங்குளத்தில் இப்போது இயங்கும் இரண்டு உலைகளும் தலா 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் ரஷ்ய வகை உலைகள். ஒரு உலை அதற்கு 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்க வேண்டும். ஒரு பிளவுக்கு 200 எம்இவி என்றால், நொடிக்கு சுமார் 9.4 பெருக்கல் 10-இன் அடுக்கு 19 அணுக்கள் பிளக்க வேண்டும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாளெல்லாம் பிளந்த அணுக்களை ஒன்றாகச் சேர்த்து நிறுத்தால் மூன்று கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அதே 1,000 மெகாவாட்டுக்கு நம்ம ஊர் நிலக்கரி என்றால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் வேண்டும்.

ஒரு ஆண்டு முழுக்க நிற்காமல் முழுத் திறனில் ஓடினால், அந்த ஒரு உலையில் எடையாகக் குறைவது சுமார் ஒரு கிலோ. ஒரு வருஷத்து வெப்பத்துக்கும் ஒரு கிலோதான் விலை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அதே அளவு மின்சாரம் தரும் நிலக்கரி மின்நிலையமும் ஒரு ஆண்டில் கிட்டத்தட்ட அதே ஒரு கிலோவைத்தான் இழக்கிறது. ஆற்றல் ஒன்று என்றால் நிறையும் ஒன்றுதானே. ஆனால் அந்த ஒரு கிலோவை இழக்க லட்சக்கணக்கான டன் நிலக்கரியை எரிக்க வேண்டும். அணு உலை ஒரு டன் சொச்சம் அணுக்களைப் பிளந்தே இழந்துவிடுகிறது. ஐன்ஸ்டைன் சமன்பாடு அணுவுக்குத் தனிச் சலுகை எதுவும் தரவில்லை. அணுக்கருவுக்குள் இருக்கும் கட்டு அவ்வளவு வலுவானது, வித்தியாசம் அங்கேதான்.

ஒரு கிராம் நிறைக்குச் சமமான ஆற்றல் எவ்வளவு என்று மின்வாரியக் கணக்கில் பார்த்தால் 2.5 கோடி யூனிட். மாதம் 250 யூனிட் செலவாகும் வீடுகள் என்றால், சுமார் 8,300 வீடுகளுக்கு ஒரு ஆண்டுக்குப் போதும். இதே கணக்கின் இன்னொரு முகம் 1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமாவில் வெடித்த குண்டின் ஆற்றல் சுமார் 15 கிலோ டன் வெடிமருந்துக்குச் சமம். அதை நிறையாக மாற்றினால் 0.7 கிராம். ஒரு கிராம்கூட இல்லை.

931-ஆ, 931.2-ஆ, 931.5-ஆ?

பழைய புத்தகங்களில் 931.2 என்று பார்த்தால் அது அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 1960-61-க்கு முன்பு இயற்பியலாளர்கள் கார்பனை அல்ல, ஆக்சிஜன்-16 அணுவின் 16-ல் ஒரு பங்கைப் படிக்கல்லாக வைத்திருந்தார்கள். வேதியியலாளர்களோ இயற்கையில் கிடைக்கும் கலப்பு ஆக்சிஜனை வைத்திருந்தார்கள். ஒரே பெயரில் இரண்டு படிக்கல். அந்தக் குழப்பம் தீரத்தான் இரு தரப்பும் கார்பன்-12-க்கு மாறின. படிக்கல் கொஞ்சம் கனமானதால் விகிதமும் 931.5 ஆனது. தேர்வில் கேள்வித்தாள் எந்த மதிப்பைக் கொடுக்கிறதோ அதையே எடுங்கள். ஆனால் நிறைகளைக் கழிக்கும்போது புள்ளிக்குப் பிறகு இருக்கும் இலக்கங்களை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். ஹீலியம் கணக்கில் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால், 28 வர வேண்டிய இடத்தில் 37 வந்து நிற்கும்.

நிறை உண்மையிலேயே முழுசா மறையும் இடம் எது?

அப்படியும் ஒன்று இருக்கு, அதுவும் நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலேயே. எலக்ட்ரானின் நிறை 0.00054858 அலகு. 931.494-ஆல் பெருக்கினால் 0.511 எம்இவி, அதாவது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பெட் ஸ்கேனுக்கு முன்பு நோயாளியின் உடலில் ஃபுளோரின்-18 சேர்த்த சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஊசி மூலம் செலுத்துவார்கள். புற்றுநோய் செல்கள் சர்க்கரையை அதிகம் இழுப்பதால் மருந்து அங்கே போய்க் குவியும். ஃபுளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் வெளிவரும். அது எலக்ட்ரானின் எதிர்த்துகள், எடை இரண்டுக்கும் ஒன்றே.

பாசிட்ரான் பக்கத்திலிருக்கும் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டுமே இல்லாமல் போகின்றன. பிளவில் நடந்த மாதிரி கட்டு இறுகுவது இல்லை, இங்கே துகளே மிச்சமில்லை. பதிலுக்கு இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும், ஒவ்வொன்றும் சரியாக 511. நோயாளியைச் சுற்றி வளையமாக இருக்கும் உணரிகள், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வந்து விழும் இந்த 511 ஜோடியைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன. ஜோடி விழுந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டில் எங்கேயோதான் அது நடந்திருக்க வேண்டும். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைக் கம்ப்யூட்டர் சேர்த்துப் பார்த்து, அவை எங்கே நெருக்கமாகக் குவிகின்றன என்பதைத்தான் டாக்டர் கையில் படமாகக் கொடுக்கிறது.